ஆறு குரோமோசோம் மான்

முதுமலையிலோ ஆனைமலையிலோ ஓர் இரவு தங்கியவர்கள், பக்கத்தில் ஊரே இல்லாத இடத்தில் நாய் குரைப்பது போன்ற சத்தத்தைக் கேட்டிருக்கக்கூடும். அது கேளையாடு. பெயரில் ஆடு இருந்தாலும் மான் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டடி உயரம்தான் இருக்கும். புலியோ செந்நாயோ அருகில் வந்துவிட்டால் விடாமல் குரைக்கும். காட்டோடு பழகியவர்கள் அந்தக் குரைப்பை வைத்தே பெரிய விலங்கின் நடமாட்டத்தைக் கணித்துவிடுவார்கள்.

இந்தக் கேளையாட்டின் செல்களை டோரிஸ் வர்ஸ்டர், கர்ட் பெனிர்ஷ்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 1970இல் முடிவை வெளியிட்டார்கள். பெண் கேளையாட்டின் செல்லில் ஆறே ஆறு குரோமோசோம்கள். ஆணில் ஏழு. மனிதருக்கு 46, பசுவுக்கு 60, நாய்க்கு 78 என்று எண்ணிப் பழகியவர்களுக்கு அது நம்ப முடியாத கணக்கு. இன்றுவரை பாலூட்டிகளில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை எதிலும் தெரியவந்ததில்லை.

வியப்பு அதோடு நிற்கவில்லை. சீனாவில் இதன் நெருங்கிய உறவினர் ஒன்று உண்டு. அதே முகம், அதே குட்டைக் கொம்பு, அதே குரைப்பு; உடல் மட்டும் சற்றுச் சிறியது. அந்தச் சீனக் கேளையாட்டுக்குக் குரோமோசோம்கள் 46. பார்வைக்கு இவ்வளவு ஒத்திருக்கும் இரண்டு மான்களில் ஒன்றுக்கு 46, மற்றொன்றுக்கு 6 என்றால் நடுவில் நடந்தது என்ன? நாற்பது குரோமோசோம்கள் எங்கே போயின?

எங்கேயும் போகவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ஓர் உயிரின் செல்லில் இருக்கும் மொத்த டி.என்.ஏ.வையும் சேர்த்து மரபணுத்தொகுதி என்கிறோம்; ஜீனோம் என்றும் சொல்வதுண்டு. அது ஒரே நீள இழையாக இருப்பதில்லை. பல துண்டுகளாக, ஒவ்வொன்றும் புரதங்களின் மேல் சுற்றிச் சுருண்டு இருக்கிறது. அந்தத் துண்டுகள்தான் குரோமோசோம்கள். அவை ஜோடி ஜோடியாக இருக்கும்; 46 என்றால் இருபத்து மூன்று வகை, 6 என்றால் மூன்று வகை. பழைய ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளலாம். இருபத்து மூன்று கட்டுகளாக இருந்த ஓலைகளை ஒருவர் அவிழ்த்து, கட்டோடு கட்டாகச் சேர்த்து மூன்றே பெருங்கட்டுகளாகக் கட்டிவிட்டால் கட்டுகளின் எண்ணிக்கை குறையும். ஓலையில் எழுதியது மாறாது, ஓலைகளின் வரிசையும் பெரும்பாலும் கலையாது. கேளையாட்டில் நடந்தது அதுதான். அதன் மரபணுத்தொகுதி சுமார் 250 கோடி எழுத்துகள் கொண்டது. அதை மூன்று வகைக் குரோமோசோம்களில் அடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் சராசரியாக 80 கோடி எழுத்து நீளம் இருந்தாக வேண்டும். மனிதரின் மிகப் பெரிய குரோமோசோமே சுமார் 25 கோடிதான். செல் எப்படிப் பிரிகிறது என்று ஆராயும் சோதனைக்கூடங்களில் கேளையாட்டின் செல்களை விரும்பி வளர்ப்பதற்கு இந்தப் பருமனே காரணம். எண்ணவும் எளிது, கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்.

ஒட்டிக்கொண்டன என்ற கருத்தை 1975இல் முன்வைத்தவர்களில் முக்கியமானவர் டி.சி. ஷூ. குரோமோசோம்கள் நுனியோடு நுனியாகத் தொடர்ந்து சேர்ந்துகொண்டே போயிருக்க வேண்டும் என்றார். சாட்சியும் பிறகு கிடைத்தது. ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்று ஓர் இடம் உண்டு. செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் நார்கள் பற்றிக்கொள்ளும் இடம் அது. அங்கே மட்டும் இருக்க வேண்டிய திரும்பத் திரும்ப வரும் எழுத்து வரிசைகள், கேளையாட்டின் நீண்ட குரோமோசோம்களில் நடுநடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு திட்டும் ஒரு பழைய ஒட்டின் தழும்பு. மான்களின் பொது மூதாதைக்கு 70 குரோமோசோம்கள் இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். அதிலிருந்து சீன இனம் 46இல் நின்றது. இந்திய இனம் 6 வரை வந்தது. மலாய் தீபகற்பத்தில் வாழும் கிளை இடையில் நிற்கிறது: பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9.

ஆணுக்கு ஏன் ஒன்று கூடுதல்? பால் நிர்ணயிக்கும் எக்ஸ் குரோமோசோமும் ஒரு சாதாரணக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெண்ணுக்கு அந்த ஒட்டுக் குரோமோசோம் இரண்டு பிரதி இருப்பதால் கணக்கு ஆறில் முடிகிறது. ஆணுக்கு ஒன்றுதான் உண்டு. அதற்கு இணையாக ஒட்டாத சாதாரணக் குரோமோசோம் ஒன்றும், தனியாகச் சிறிய ஒய் ஒன்றும் இருக்கின்றன. ஆகவே ஏழு.

2020இல் இரு கேளையாடுகளின் மரபணுத்தொகுதிகளையும் குரோமோசோம் அளவில் முழுமையாகப் படித்து ஒப்பிட்டார்கள். மரபணுக்கள் வரிசை மாறாமல் நீள நீளத் துண்டுகளாக ஒத்துப்போயின. பசுவோடு ஒப்பிட்டாலும் அப்படியே. செல்லின் உட்கருவுக்குள் டி.என்.ஏ. மடிந்து கிடக்கும் விதத்தில், தொலைவிலுள்ள பகுதிகளுக்கு இடையேயான தொடர்புகள் மட்டும் மாறியிருந்தன. ஒட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இறுக்கத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இத்தனை பெரிய மறுகட்டுக்குப் பிறகும் மான் மானாகவே இருப்பதற்கு இது ஒரு விளக்கம்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. முதன்முதலாக ஒட்டுக் குரோமோசோமோடு பிறந்த மான், ஒட்டாத குரோமோசோம்கள் உள்ள மானோடுதானே இணை சேர்ந்திருக்கும்? விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து பின் பிரிய வேண்டும். ஜோடி பொருந்தாவிட்டால் அங்கேயே தடை. சீனாவின் குன்மிங்கில் இரண்டு கேளையாட்டு இனங்களையும் கலந்து குட்டி ஈன வைத்திருக்கிறார்கள். குட்டி நன்றாகத்தான் வளர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து 23, மறுபக்கத்திலிருந்து 4 என்று 27 குரோமோசோம்கள் கொண்ட ஆண் அது. அதன் உடலில் விந்தணு உருவாக்கம் பாதியிலேயே நின்றுபோனது.

ஒரேயடியாக இருபது ஒட்டு என்றால் தடைதான். ஒவ்வொன்றாக வந்தால் நிலைமை வேறு. மனிதரிலேயே ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி, 46க்குப் பதில் 45 இருக்கும். 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்தில் ஏதேனும் இரண்டு சேர்ந்திருக்கும். சென்ட்ரோமியருக்கு ஒரு பக்கம் இருக்கும் இவற்றின் குட்டைக் கை ஒட்டும்போது தொலைந்துபோகும்; அதில் இழந்தால் தாங்கமுடியாத மரபணு எதுவும் இல்லை. ஆகவே அவருக்கு எந்த நோயும் இருக்காது. பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. சிலருக்குக் கரு கலைந்துகொண்டே இருப்பதால் பரிசோதிக்கும்போது தெரியவரும். 21ஆம் குரோமோசோம் ஒட்டில் சம்பந்தப்பட்டிருந்தால் டவுன் நோய்க்குறியோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பும் உண்டு. சிரமம் இருக்கிறது, முழுத்தடை இல்லை. அவருடைய பிள்ளைகளில் சிலர் அதே ஒட்டோடு நலமாகவே பிறக்கிறார்கள்.

சிறிய, ஒதுங்கிய கூட்டத்தில் இப்படிப்பட்ட ஒட்டு தற்செயலாகவே எல்லோருக்கும் பரவிவிடும். அட்லாண்டிக் கடலில் உள்ள மடெய்ரா தீவின் வீட்டெலிகள் இதற்கு நல்ல உதாரணம். வீட்டெலிக்கு வழக்கமாக 40 குரோமோசோம்கள். போர்த்துகீசியர் 15ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் குடியேறினார்கள். எலிகளும் கப்பலில் மனிதரோடு வந்து சேர்ந்தவைதான். செங்குத்தான மலைகளால் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த பள்ளத்தாக்குகளில் அவை பல கூட்டங்களாகத் தங்கிவிட்டன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, அங்கே ஆறு தனித்தனிக் குரோமோசோம் வகைகள் உருவாகியிருப்பதைக் காட்டியது. எண்ணிக்கை 22 வரை இறங்கியிருந்தது. பரிணாமம் என்றாலே கோடி ஆண்டுகள் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த எலிகளைத்தான்.

நம் கதையிலும் ஓர் ஒட்டு இருக்கிறது. மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்று 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. அப்போது குரோமோசோம்கள் குவியலாகத்தான் தெரியும். பிரித்து எண்ணுவது கடினம். கேளையாட்டுக்கு விளக்கம் சொன்ன அதே டி.சி. ஷூ வேலைபார்த்த சோதனைக்கூடத்தில் 1952இல் செல்களைக் கழுவும் கரைசலில் உப்பு தவறுதலாகக் குறைந்துபோனது. செல்கள் உப்பின, குரோமோசோம்கள் அழகாக விலகி நின்றன. எண்ணுவதற்கான வழி அன்றுதான் பிறந்தது. அப்படியும் ஷூ 48 என்றே எழுதினார். அந்த எண் அவ்வளவு ஆழமாக எல்லோர் மனதிலும் ஊறியிருந்தது. அந்த முறையையே பயன்படுத்தி, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சுவீடனின் ஆல்பர்ட் லெவனும் சரியான எண் 46 என்று 1956இல் அறிவித்தார்கள்.

சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 48தான். நம்மிடம் மட்டும் ஒரு ஜோடி குறைவு. நம்முடைய இரண்டாம் குரோமோசோமை சிம்பன்சியின் இரண்டு சிறிய குரோமோசோம்களோடு பக்கத்தில் வைத்தால், சாயமேற்றும்போது தெரியும் பட்டைகள் அப்படியே பொருந்துகின்றன. ஒட்டு விழுந்த இடத்தை 1991இல் எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். குரோமோசோமின் இரு நுனிகளிலும் டெலோமியர் என்ற காப்புப் பகுதி இருக்கும். டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து அங்கே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். நுனியைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஆனால் நம் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில் அந்த ஆறெழுத்து வரிசையாக வருகிறது. ஓரிடத்தில் சட்டென்று திசை திரும்பி, சிசிசிடிஏஏ என்று அதன் எதிர் இழை வடிவத்தில் தொடர்கிறது. இரண்டு நுனிகள் நேருக்கு நேர் முட்டி ஒட்டிய இடம் அது. காலப்போக்கில் பல எழுத்துகள் சிதைந்துவிட்டன. நீளமும் தேய்ந்து எண்ணூறு எழுத்து அளவுக்கு வந்துவிட்டது. சற்றுத் தள்ளி, இப்போது வேலை செய்யாத இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் கிடக்கிறது. நியாண்டர்தால், டெனிசோவா மனிதர்களின் டி.என்.ஏ.விலும் இதே ஒட்டு இருக்கிறது. ஆகவே அவர்களும் நாமும் பிரிவதற்கு முன்பே இது நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இந்த ஒட்டுதான் நம்மை மனிதராக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது ஒட்டுக்குப் பிறகும் கேளையாடு மானாகவே குரைத்துக்கொண்டிருக்கும்போது, ஓர் ஒட்டின் மேல் மனித மூளையின் வளர்ச்சியை ஏற்றிவைப்பதற்கு ஆதாரம் போதாது.

கட்டுகள் மாறலாம், வரிசை மாறுவது அவ்வளவு எளிதில்லை என்று பார்த்தோம். எலியின் மரபணுத்தொகுதியை 2002இல் நம்முடையதோடு ஒப்பிட்டபோது, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வரிசை கலையாத துண்டுகளாகப் பிரித்து அடையாளம் காண முடிந்தது. அப்படி 342 துண்டுகள். எலியின் மூதாதையும் நம் மூதாதையும் பிரிந்து ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் 17ஆம் குரோமோசோமின் மரபணுக்கள் எலியின் 11ஆம் குரோமோசோமில் இன்றும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. இத்தனை காலம் ஏன் சேர்ந்தே இருக்க வேண்டும்?

ஒரு காரணத்தைக் கைகால்களில் பார்க்கலாம். கருவில் கைகால் வளர்வதற்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு சரியான இடத்தில், சரியான நேரத்தில் வேலை செய்ய வேண்டும். அதை இயக்கும் சுவிட்ச் அதன் பக்கத்தில் இல்லை. சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. சில நூறு எழுத்து நீளந்தான். டி.என்.ஏ. மடிந்து வளைந்து இரண்டையும் நெருங்கவைக்கிறது. இந்தச் சுவிட்சில் ஓர் எழுத்து பிசகினாலும் கட்டைவிரல் பக்கம் ஆறாவது விரல் முளைத்த குழந்தைகள் பிறக்கக்கூடும். நடுவிலுள்ள பத்து லட்சம் எழுத்தில் எங்காவது குரோமோசோம் முறிந்து வேறிடத்தில் ஒட்டிக்கொண்டால் மரபணு ஓரிடம், சுவிட்ச் வேறிடம் என்றாகிவிடும். அப்படிப்பட்ட கரு பிழைத்துப் பிள்ளை பெறுவது அரிது. ஆகவே அந்த இடத்தில் முறிவு வந்தாலும் தலைமுறை தாண்டி நிலைப்பதில்லை. நடுவில் இருக்கும் மரபணுக்களும் கூடவே கட்டுண்டு கிடக்கின்றன.

பாம்புக்கும் இந்தச் சுவிட்ச் உண்டு, ஆனால் சிதைந்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மனிதருடையதை வைத்தார்கள். கால்கள் சரியாக வளர்ந்தன. மீனுடையதை வைத்தார்கள், அப்போதும் வளர்ந்தன. மலைப்பாம்பு, ராஜநாகம் ஆகியவற்றின் சுவிட்சை வைத்தபோது எலிக்குட்டிகள் குறுகிய முண்டுக் கால்களோடு பிறந்தன. பாம்பின் சுவிட்சில் விட்டுப்போயிருந்த 17 எழுத்துகளை மட்டும் திரும்பச் சேர்த்ததும் கால்கள் முழுமையாக வந்துவிட்டன. மரபணு பாம்பிடம் அப்படியேதான் இருக்கிறது. உடலின் பிற பாகங்களுக்கு அது வேண்டும் என்பதால் அதை இழக்க முடியாது. காலுக்கான சுவிட்சை இழக்கலாம்; இழந்தது.

இழப்பது இப்படி என்றால், புதிய மரபணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு, கேளையாட்டின் கணக்கு வெளிவந்த அதே 1970இல், சுசுமு ஓனோ ஒரு நூல் முழுக்க விடை எழுதினார். இருக்கும் மரபணு தவறுதலாக இரட்டிக்கிறது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று மாறுவதற்குச் சுதந்திரம் பெறுகிறது. சிவப்பையும் பச்சையையும் நாம் பிரித்தறிவது இதனால்தான். அதற்கான இரண்டு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. இந்த ஒற்றுமையே ஆபத்தும் ஆகிறது. ஜோடி சேரும்போது வரிசை பிசகி ஒரு பிரதி விட்டுப்போகிறது. ஒரே ஓர் எக்ஸ் உள்ள ஆண்களிடம் நிறக்குருடு அதிகம் காணப்படுவது இதன் விளைவு.

பிரதி எடுத்துக்கொள்பவை மரபணுக்கள் மட்டுமல்ல. மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கு நேரடியாகக் குறிப்புத் தரும் பகுதி ஒன்றரை சதவீதம்தான். ஏறத்தாழ பாதி, தாவும் டி.என்.ஏ. துண்டுகளும் அவற்றின் எச்சங்களும். தம்மைத் தாமே படியெடுத்தோ வெட்டிக்கொண்டோ வேறிடத்தில் போய் அமரும் துண்டுகள் இவை. பார்பரா மக்ளின்டாக் 1940களில் மக்காச்சோள மணிகளின் நிறத் திட்டுகளைப் பார்த்தே இவற்றைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 81. நம்மிடம் ஆலு என்ற துண்டு மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 300 எழுத்து.

அவற்றில் பெரும்பாலானவை விழுந்த இடத்தில் சும்மா கிடக்கின்றன. ஒன்று மட்டும் வாலைப் பறித்தது. பழுதுபட்டால் எலியின் வாலைக் குட்டையாக்கும் ஒரு மரபணு 1927இலிருந்தே தெரியும். மனிதரிலும் வாலில்லாக் குரங்குகளிலும் அந்த மரபணுவுக்குள் ஓர் ஆலு வந்து அமர்ந்திருப்பதை, நியூயார்க்கில் ஆராய்ச்சி மாணவராயிருந்த போ ஷியா கவனித்தார். வாலுள்ள குரங்குகளில் அந்த இடத்தில் அது இல்லை. புதிய ஆலு தலைகீழாக அமர்ந்தது. சற்றுத் தள்ளி ஏற்கெனவே நேராக ஓர் ஆலு இருந்தது. மரபணுவின் ஆர்.என்.ஏ. படி உருவாகும்போது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நடுவிலுள்ள துண்டு வளைந்து விட்டுப்போகிறது. அப்படிக் குறைந்த படியை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். சில குட்டைவாலோடும் சில வாலே இல்லாமலும் பிறந்தன. 2024இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு குரங்கின் விந்தணுவிலோ கருமுட்டையிலோ நடந்த அந்த ஒரு தாவலின் தடயம், இதைப் படிக்கும் ஒவ்வொருவர் செல்லிலும் இருக்கிறது.

இவ்வளவு டி.என்.ஏ.வும் நமக்குத் தேவையா? வெங்காயத்தின் மரபணுத்தொகுதி நம்முடையதைப்போல் ஐந்து மடங்கு. நியூ கலிடோனியாத் தீவின் ஒரு சிறு பெரணிக்கு ஐம்பது மடங்கு. மறுமுனையில், நீரில் மிதந்து பூச்சி பிடிக்கும் ஒரு செடி சுமார் 8 கோடி எழுத்துகளுக்குள் நம்மைவிட அதிக மரபணுக்களை வைத்துக்கொண்டு பூத்துக் குலுங்குகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பயன் இருந்தே தீர வேண்டும் என்று வாதிடுபவர்கள் முதலில் வெங்காயத்துக்கு விடை சொல்ல வேண்டும். நம் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி, நீக்குவதற்கு அவசரம் இல்லாததால் தங்கிவிட்டது என்பதே என் முடிவு.

மாற்றம் ஓய்ந்துவிடவில்லை. இன்று பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் மரபணுத்தொகுதியிலும் தாயிடமும் தந்தையிடமும் இல்லாத 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தந்தையின் விந்தணு வழியே வருபவை. தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடினால் இந்தக் கணக்கில் ஒன்றோ இரண்டோ கூடுகிறது.